சலவைக்கூடத்து ஸ்பானிஷில் பெண் கேட்டது

தம்பி செந்தூரன்,

நீ எடுக்கும் அழைப்புகளுக்கு நான் பதில் சொல்லாமல் இருப்பது என் போன் பழுதானதால் இல்லை. அப்படி அம்மா உனக்குச் சொன்னது உன் மனம் நோகக்கூடாது என்பதற்காக. போன் நன்றாகத்தான் இருக்கிறது. உன் அப்பா நான்தான் கோபமாக இருக்கிறேன். கோபத்தைப் பேச்சில் சொன்னால் நீ இடையில் புகுந்துவிடுவாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம். எழுத்துக்குள் உன்னால் புகமுடியாது, அதனால் எழுதுகிறேன். உன் கல்யாணத்துக்கு முன்பு ஆறுதலாக இருந்து, உரத்து வாசி. தமிழ் எழுத்து உனக்குக் கண்ணில் இடறினாலும் காதில் விளங்கிவிடும்.

இந்த ஜேர்மனியில் எனக்கு முதலில் கிடைத்த வேலை வுப்பர்டாலில் ஒரு சலவைக்கூடத்தில் என்பது உனக்குத் தெரியும். மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாக வரும். தோய்த்த விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து, ஒரே நேரத்தில் உதறி, சூடான உருளைக்குள் கொடுக்க வேண்டும். என் எதிர் முனையைப் பிடித்தவன் பாக்கோ. ஸ்பெயினின் தெற்கே, கோர்டோபாவுக்கு அருகில் ஒலிவ் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு கிராமத்தான். எனக்கு இந்த நாட்டு டொச் மொழி தெரியாது. அவன் எனக்குப் பல வருடங்கள் முன்பே வந்தவன், அவனுக்கும் தெரியாது. அவன் "உனோ, தோ" என்று எண்ணினான். நான் "ஒண்டு, ரெண்டு" என்று எண்ணினேன். முதல் விரிப்பு கிழிந்தது. மேற்பார்வையாளர் வந்து கத்திவிட்டுப் போனார். அடுத்த விரிப்பிலிருந்து உனோ, தோ. அப்படித்தான் நான் ஸ்பானிஷ் பழகினேன். பாடசாலையும் இல்லை, வாத்தியாரும் இல்லை. பிறகு பழைய பொருள் சந்தையில் ஒரு ஸ்பானிஷ் அகராதி வாங்கினேன்; சட்டலைட் தட்டில் ஸ்பானிய வானொலி பிடித்துக் கேட்டேன்; பாக்கோ வாசித்து முடித்த பத்திரிகைகளை வாசித்தேன். அதெல்லாம் பிறகு. அத்திவாரம் விரிப்பில் போட்டது.

பாக்கோவின் ஊரில் சொல்லின் கடைசியில் வரும் ஸ் ஓசையை விழுங்கிவிடுவார்கள். நடுவில் வரும் ட ஓசையும் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். பன்மைக்கு அந்த ஸ் வேண்டும் என்று அகராதியில் கண்டு, ஒருநாள் அவனைக் கேட்டேன். "வண்டி நிறைய விரிப்புக் கிடக்குது. ஒண்டில்லை எண்டு உன்ர கண்ணுக்குத் தெரியேல்லையே? அதுக்கு வேற ஒரு ஸ் வேணுமே?" என்றான். (அவன் ஸ்பானிஷில் சொன்னதை நான் எங்கள் தமிழில்தான் எழுத முடியும்.) யோசித்துப் பார்த்தேன். அவன் சொன்னது சரி. இன்றைக்கும் சரி. புத்தகத்தில் இருக்கும் ஸ் அச்சடிப்பவர்களுக்கு. வடக்கே மட்ரிட் பக்கத்து ஆட்கள் சில சொற்களுக்கு நாக்கைப் பல்லுக்கு நடுவில் வைப்பார்கள். அதைப் பாக்கோ செய்து காட்டினால் தேனீ கொட்டியவனைப் போல் இருக்கும். தென் அமெரிக்காவுக்குப் போன கப்பல்கள் தெற்குத் துறைமுகங்களில் இருந்துதான் புறப்பட்டன. அதனால் அங்கே யாருமே அப்படி நாக்கை வைப்பதில்லை. அந்தக் கண்டம் முழுவதும் கேட்கிற பேச்சில் பாக்கோவின் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இதை நான் தேடி வாசித்துத் தெரிந்துகொண்டேன். நீ தெரிந்துகொள்ளவில்லை. நீ கட்டப்போகிற ஹூலியானாவுக்காகப் போனில் ஒரு செயலியைப் போட்டு, அது சொல்லித் தருவதைக் கிளிப்பிள்ளையாகச் சொல்கிறாய். அதில் தவறில்லை. ஆனால் அது ஒன்றே ஸ்பானிஷ் என்று நினைக்கிறாய், அதுதான் தவறு.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஹூலியானாவின் அப்பா அம்மா கொலம்பியாவில், துன்ஹா என்ற மலையூரில். நாங்கள் நேரே போய்ப் பெண் கேட்க ஏலாது. ஆனால் கேட்காமல் எடுப்பது எங்கள் வழக்கமும் இல்லை, விசாரித்துப் பார்த்தால் அவர்கள் வழக்கமும் இல்லை. அங்கேயும் மாப்பிள்ளையின் அப்பா போய், வாய் திறந்து கேட்க வேண்டும். பெண்ணின் அப்பா வாய் திறந்து பதில் சொல்ல வேண்டும். அதனால் அம்மா சேலை உடுத்தாள். தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய் வைத்துப் போனுக்கு முன்னால் வைத்தாள். போனைச் சுடுதண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்தது நீ. இங்கே பின்னேரம், அங்கே காலை. அவளுடைய அப்பா டொன் அல்வாரோ (டொன் என்பது அவர்களுக்கு எங்கள் 'ஐயா' மாதிரி) கம்பளிப் போர்வையும் தொப்பியும் போட்டு, மனைவியோடு நேராக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் கோப்பையில் சூடான சொக்கலேற். அதற்குள் சீஸ் துண்டு போட்டிருந்தார்கள். அம்மா என் காதுக்குள், "என்னப்பா, தேத்தண்ணிக்குள்ள மீன் போட்ட மாதிரி" என்றாள். நான் சிரிக்கவில்லை. நான் எனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்காக எத்தனையோ நாள் சமையலறையில் சொல்லிப் பார்த்த வசனங்கள் அவை.

நான் கேட்டேன். எங்கள் வீட்டில் பெண் பிள்ளை இல்லை, உங்கள் பிள்ளையை எங்களுக்குத் தாருங்கள், அவள் இங்கே விருந்தாளியாக இருக்க மாட்டாள் என்று கேட்டேன். பாதியிலேயே டொன் அல்வாரோ சிரிக்கத் தொடங்கினார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தார். அவருடைய மனைவியும் கண்ணைத் துடைத்தார். நான் நிறுத்தவில்லை, முடித்துவிட்டுத்தான் வாயை மூடினேன். அப்போது நீ எழும்பி, என் முன்னால் இருந்த போனைப் பறித்துக்கொண்டு, உன் செயலி ஸ்பானிஷில் அவர்களிடம் என்ன சொன்னாய்? "மன்னியுங்கள், அப்பா ஒரு சலவைக்கூடத்தில் பழகியது." சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனாய். மண்டபம் பற்றியும் விசா பற்றியும் கதைத்துவிட்டுப் போனை வைத்தாய். நீ சொன்னது எனக்கு விளங்காது என்று நினைத்தாயா? உன்னுடைய ஸ்பானிஷில் எனக்கு விளங்காத வசனம் இன்னும் பிறக்கவில்லை.

அன்றிரவு சாப்பாட்டில் நீ டொச்சில் சொன்னதையும் தமிழில் எழுதுகிறேன், பிறகு இல்லை என்று சொல்ல மாட்டாய் அல்லவா. "அப்பா, கலியாண ஹோலில டொச்சில கதையுங்கோ. இல்லாட்டித் தமிழில கதையுங்கோ, ஆரும் மொழிபெயர்ப்பினம். ஸ்பானிஷ் மட்டும் வேண்டாம், ப்ளீஸ்." அம்மா, "ஏன்டா, அப்பா வடிவாத்தானே கதைச்சவர்" என்றாள். "அம்மா, உங்களுக்கு விளங்காது" என்றாய். அம்மாவுக்கு ஸ்பானிஷ் விளங்காததுதான். அவர்கள் சிரித்ததும் நீ போனைப் பறித்ததும் அவளுக்கு நன்றாக விளங்கியது. அடுத்த நாள் உன் செயலியின் இணைப்பை எனக்கு அனுப்பியிருந்தாய். நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.

கல்யாண உடுப்பு அளவெடுக்க எடுத்து வைத்த டேர்மின் நாளுக்கு நான் ஏன் போகவில்லை என்று கேட்டிருந்தாய். இதுதான் காரணம். பெண் கேட்டு முடியவில்லை. கேள்வி போய்விட்டது, பதில் வரவில்லை. பதில் வராத இடத்துக்கு நான் எதற்கு உடுப்புத் தைக்க வேண்டும்? "இஞ்சேருங்கோ, பிள்ளையள் ஸ்டான்டெஸ்அம்டில கலியாணத்தைப் பதிஞ்சும் போட்டுதுகள். இனி ஆர் பதில் சொல்லி என்ன?" என்று அம்மா கேட்டாள். பதிவு அரசாங்கத்துக்கு என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

போன கிழமை ஹூலியானா தனியாக வந்தாள். உனக்குச் சொல்லாமல் வந்தாள்; அதற்காக அவளோடு சண்டை பிடிக்காதே. ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயில் ஏறி, இங்கே தொங்கு ரயிலில் வந்து இறங்கி, குளிரில் மூக்குச் சிவந்து கதவடியில் நின்றாள். நான் கதவைத் திறந்து ஸ்பானிஷில் வரவேற்றேன், வேண்டுமென்றுதான். அவள் உள்ளே வந்து சப்பாத்தைக் கழற்ற முதலே ஸ்பானிஷில் சொன்னாள்: "மாமா, என்ர அப்பாவுக்கு உங்களில சரியான கோவம்." என்னிலா கோபம்? சிரித்தவர் அவர், கோபமும் அவருக்கா?

அவள் சொன்னதைக் கேள். டொன் அல்வாரோ சின்ன வயதில் படித்த பாடசாலையில் ஒரு பாதிரியார் இருந்தாராம். ஸ்பெயினின் தெற்கிலிருந்து போனவர். காதை முறுக்குவாராம், பிறகு அந்தக் காதுக்கே மிட்டாய் கொடுப்பது போலப் பகிடி சொல்வாராம். பின்னேரங்களில் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு பொடியன்களோடு பந்தடிப்பாராம். "ஜேர்மனியில இருந்து ஒரு இலங்கை ஆள் கதைக்கப் போறார், கொஞ்சம் டொச்சும் கொஞ்சம் கையும் காலுமாக் கதைப்பார் எண்டு அப்பா நினைச்சுக்கொண்டிருந்தவர். நீங்கள் வாயைத் திறந்தால் அந்தச் சாமியார் வாறார். அந்த விழுங்கல், அந்தச் சுருதி, எல்லாம் அப்படியே. செத்துப்போன மனிசன் வெத்திலைத் தட்டத்துக்குப் பின்னால இருந்து என்னைக் கேட்ட மாதிரி இருந்ததெண்டு அப்பா சொன்னவர். சிரிக்காமல் என்ன செய்யிறது, மாமா?"

"அப்ப என்னத்துக்குக் கோவம்?" என்று கேட்டேன்.

"அவர் பதில் ஆயத்தப்படுத்தி வைச்சிருந்தவர். கண்ணாடிக்கு முன்னால நிண்டு சொல்லிப் பார்த்தவர். அதுக்குத்தான் தொப்பியும். நீங்கள் கேட்டீங்கள். அவர் சிரிச்சு முடிச்சு, தொண்டையைச் செருமிக்கொண்டு பார்த்தால் செந்தூரன்ர மூக்குத்தான் போனில நிக்குது. மண்டபத்தில எத்தினை கதிரை எண்டு கேக்கிறான். 'கேட்டிச்சினம், பதிலைக் கேக்காமல் போட்டினம், அப்பிடியெண்டால் என்ன கருத்து?' எண்டு அம்மாவைப் போட்டு வாட்டுறார். நான் ரிக்கெற் எடுக்கச் சொன்னால் 'பாப்பம்' எண்டுறார்."

விளங்குகிறதா தம்பி? நான் இங்கே உடுப்புக்கு அளவு கொடுக்காமல் இருக்கிறேன், அவர் அங்கே விமானத்துக்குச் சீட்டு எடுக்காமல் இருக்கிறார். இரண்டு பேருக்கும் ஒரே குறை. அந்த மனிதரை எனக்கு அப்போதே பிடித்துவிட்டது.

அவள் எங்கள் சமையலறையில் நின்று தன் அம்மாவுக்குப் போன் எடுத்தாள். அப்போது ஒன்றைக் கவனித்தேன். அவளுடைய குரலே மாறிவிட்டது. என்னோடு கதைத்த ஸ்பானிஷ் சலவை செய்து தேய்த்து மடித்தது மாதிரி, எந்த ஊர் என்றே சொல்லமுடியாத ஸ்பானிஷ். அம்மாவோடு கதைத்தது மெல்லியதாக, பாட்டுப் போல, வசனத்துக்கு வசனம் 'சுமெர்செ' என்ற ஒரு சொல்லோடு வந்தது. அது அந்த மலைநாட்டுச் சொல். ஒரு காலத்தில் எசமானை அழைத்தது. இன்றைக்கு அங்கே தாய் பிள்ளையை, மனைவி புருஷனை, கடைக்காரர் வாங்க வந்தவரை அழைப்பது. போனை வைத்த பிறகு, இந்தச் சொல்லை நீ என்னோடு ஒருநாளும் சொன்னதில்லையே என்று கேட்டேன். முகம் சிவந்துவிட்டது. ஸ்டுட்கார்ட்டுக்கு வந்த புதிதில் அவளுடைய சிநேகிதிகள், ஆர்ஜென்டீனா பிள்ளையும் மெக்சிகோ பிள்ளையும், வேலைக்காரி மாதிரிக் கதைக்கிறாய் என்று பகிடி பண்ணினார்களாம். அதோடு விட்டுவிட்டாளாம். மாலை வகுப்பில் டொச்காரருக்கு அவள் ஸ்பானிஷ் படிப்பிக்கிறாள் அல்லவா? அங்கே பாடப்புத்தகம் ஸ்பெயினில் அடித்தது. அதில் இருக்கிற விதமாக அவளுடைய நாட்டில் யாருமே சிநேகிதர்களை அழைப்பதில்லை. "ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் வேற ஆராகவோ நடிச்சுப்போட்டு வாறன், மாமா" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதை நான் வேறு ஒரு முகத்தில் முன்பே பார்த்திருக்கிறேன்.

நீ எர்லாங்கனில் படித்த காலம். ஒருமுறை விடுமுறைக்கு வந்திருந்தாய். சோறு போடவா என்று அம்மா கேட்டாள். "ஆமாம்மா" என்றாய். அம்மா அகப்பையோடு நின்றுவிட்டாள். இந்த வீட்டில் ஓம் என்பதற்கு என்ன குறை என்று நான் கேட்டேன். "ஒண்டுமில்லை, சும்மா வந்திட்டுது" என்று சிரித்தாய். உன்னோடு தங்கியிருந்த சென்னைப் பையன்கள் நல்ல பிள்ளைகள், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஒருமுறை இங்கேயும் வந்தார்கள். அம்மாவின் நண்டுக்கறியைச் சட்டி வழித்துச் சாப்பிட்டார்கள். "அங்கிள், உங்க தமிழ் ரொம்ப ஸ்வீட்டா இருக்கு, பழைய ரேடியோ கேக்குற மாதிரியே இருக்கு" என்றார்கள். ஸ்வீட் என்று சொல்ல நான் என்ன லட்டா? என்றாலும் அவர்கள் போன பிறகு நான் மறந்துவிட்டேன். நீதான் மறக்கவில்லை. அவர்களோடு ஆங்கிலம், எங்களோடு டொச், நிகழ்ச்சிகளில் யாராவது ஒலிவாங்கியை நீட்டினால் தலையாட்டல். ஸ்டுட்கார்ட்டில் வேலைக்குச் சேர்ந்ததும் இந்த வுப்பர்டால் டொச் பேச்சையும் விட்டுவிட்டாய். பாக்கோ உன்னிடம் "என்ன மாப்பிளை, இப்ப டொச்சிலயும் நாக்கை மடிக்கிறாய்" என்று கேட்டது நினைவிருக்கிறதா? நீ யாராவது சிரித்துவிடுவார்களோ என்று முன்கூட்டியே பயந்து பயந்து, இப்போது எனக்காகவும் பயப்படத் தொடங்கிவிட்டாய். போனை நீ பறித்தது அதனால்தான் என்று எனக்குத் தெரியும். உனக்கு வெட்கம் வந்தது. அதைவிட, என்னைப் பார்த்து யாரும் சிரிப்பதை உன்னால் தாங்க முடியவில்லை. அந்த அன்பு எனக்கு விளங்குகிறது. ஆனாலும் அது என்னுடைய கேள்வி. அதற்குப் பதிலையும் நான் கேட்க விட்டிருக்க வேண்டும்.

சரி, மிச்சத்தையும் கேள். உடனே திரும்பவும் எடு என்று ஹூலியானாவுக்குச் சொன்னேன். அம்மா பதறிவிட்டாள். "நில்லுங்கோ, நில்லுங்கோ! வெத்திலை இல்லை, நான் வீட்டுச் சட்டையோட நிக்கிறன்!" வெற்றிலைக்குப் பதில் கறிவேப்பிலை, பழத்துக்கு மண்டரின், பாதித் தேங்காய், அது சொதிக்குத் துருவ எடுத்தது. சட்டைக்கு மேலே ஒரு சால்வை. திரையில் டொன் அல்வாரோ வந்தார். இந்த முறை தொப்பி இல்லை, வழுக்கை தெரிந்தது. நான் திரும்பவும் முதலிலிருந்து, பாக்கோவின் ஸ்பானிஷில், ஒரு ஸ்கூடச் சேர்க்காமல் கேட்டேன். அவர் இந்த முறையும் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பதில் சொன்னார். மலைநாட்டு ஸ்பானிஷ், ஒவ்வொரு ஸ்-உம் மணி மணியாக, ஒன்றைக்கூட விழுங்காமல். ஹூலியானா மொழிபெயர்க்க வாய் திறந்தாள். வேண்டாம் என்று கை காட்டினேன். மூன்றில் ஒரு பங்கு விளங்காமல் போயிருக்கும், பரவாயில்லை. விளங்கியதை உனக்கு எழுதுகிறேன், நீதான் இதை முக்கியமாகக் கேட்கவேண்டியவன். என் மகள் பசித்தால் கோபப்படுவாள், அப்போது நியாயம் கதைக்காமல் சூப் கொடுங்கள் என்றார். அவளுக்கு எப்போதும் கால் குளிரும் என்றார். தன்னை அவள் நகரத்துப் பிள்ளை போலக் காட்டிக்கொள்வாள், நம்பாதீர்கள், அவள் எங்கள் மலைக்காரி என்றார். கடைசியில், "தந்தேன், சுமெர்செ" என்றார். என்னைப் பார்த்துச் சொன்னார். ஹூலியானா அப்போதுதான் அழுதாள். அம்மா ஒரு சொல்லும் விளங்காமல் அவளைவிடப் பெரிதாக அழுதாள்.

ஆகவே தம்பி, நீ இல்லாமலே பெண் கேட்டு முடிந்தது. அவர் சீட்டு எடுத்துவிட்டார். நானும் அளவு கொடுத்துவிட்டேன். இடுப்பு பெருத்துவிட்டது என்று தையல்காரர் சொன்னார், அதையும் நான் ஏற்றுக்கொள்ளவில்லை.

உனக்குச் சொல்லக் கொஞ்சம்தான் இருக்கிறது. ஹூலியானாவின் ஊரில் புருஷன் பெண்சாதி ஒருவரையொருவர் மரியாதையாகத்தான் அழைப்பார்கள். அதைத் தூரம் என்று நினைத்துவிடாதே. உன் அம்மா கட்டின நாளிலிருந்து என்னை நீங்கள் என்றுதான் சொல்கிறாள். அந்த நீங்களுக்குள் எவ்வளவு ஏச்சு அடங்கும் என்று உனக்குத் தெரியும். அவள் எங்களோடு கதைக்கும்போது நடுவில் நின்று அவளுக்காக வசனம் முடிக்காதே. அவள் கோபம் வந்தால், செயலி ஸ்பானிஷில் கோபப்பட மாட்டாள். அந்த மலைநாட்டுப் பேச்சைப் பழகு, இல்லாவிட்டால் அவள் எதற்குக் கோபப்படுகிறாள் என்றே உனக்குத் தெரியாமல் போய்விடும். உன் முன்னால் அவள் சுமெர்செ என்று சொல்லத் தொடங்குகிற நாளில்தான் அவள் உன் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று எடுத்துக்கொள்.

மண்டபத்தில் நான் ஸ்பானிஷில்தான் கதைப்பேன். சலவைக்கூடத்து ஸ்பானிஷில். முன் வரிசையில் டொன் அல்வாரோவுக்குப் பக்கத்தில் பாக்கோவை இருத்தச் சொல்லியிருக்கிறேன். ஓய்வூதியத்தோடு ஊருக்குப் போனவன், அங்கே எல்லோரும் 'டொச்காரன் மாதிரிக் கதைக்கிறான்' என்று சிரித்ததால் திரும்பி வந்தவன். அவன் முன்னால் நான் வேறு ஸ்பானிஷ் கதைத்தால் எழும்பிப் போய்விடுவான். ஆனால் எங்கள் சனத்துக்கு ஸ்பானிஷ் விளங்காது. யாராவது அதைத் தமிழில் சொல்ல வேண்டும். ஹூலியானாவால் ஏலாது. அந்த மண்டபத்தில் இரண்டும் தெரிந்தது என்னைத் தவிர உனக்கு மட்டும்தான். நீ சொல்ல வேண்டும். உன் தமிழில் சொல், இடறினால் இடறு, சொல் வராவிட்டால் நின்று தேடு. ஓம் வருகிற இடத்தில் ஓம் என்று சொல். யாராவது சிரித்தால் அவர்களுக்கு யாரோ ஒரு சாமியார் ஞாபகம் வந்திருக்கும், பார்த்துக்கொள்ளலாம்.

நான் கதைத்து முடித்துவிட்டு உன்னைத் திரும்பிப் பார்ப்பேன். போன முறை என் முன்னால் இருந்து போனைப் பறித்தாய். இந்த முறை ஒலிவாங்கியை நானாகவே உன் கையில் தருவேன்.

அப்பா